வாடகைக்கு விட வீடு வாங்குவது: பார்க்கப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

வாடகை வருமானத்துக்காக வீடு வாங்க நினைப்பவர்களில் பலர் முதலில் வீட்டைப் பார்க்கிறார்கள். மனசுக்குப் பிடித்த பிறகுதான் கணக்குப் போட உட்காருகிறார்கள். அப்போது எந்தக் கணக்கும் "வாங்கலாம்" என்றே முடியும். சொந்தமாகக் குடியிருக்க வாங்கும் வீட்டில் அதனால் பெரிய பாதகமில்லை. வருமானத்துக்காக வாங்கும் வீட்டில் இந்த வரிசையை மாற்றித்தான் ஆக வேண்டும். தமிழ்நாட்டில், குறிப்பாகச் சென்னை, கோவை, திருப்பூர் போன்ற ஊர்களில், முதன்முறையாக இதில் இறங்குபவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

ஓர் உதாரணம். சென்னைப் புறநகரில் 850 சதுர அடி, இரண்டு படுக்கையறை, பத்து வருடப் பழைய ஃபிளாட். கேட்கும் விலை 60 லட்சம், கிடைக்கும் வாடகை 18,000. தரகர் சொல்லும் கணக்கு எளிமையானது: வருடத்துக்கு 2,16,000 ரூபாய், அதாவது 3.6 சதவீதம். இந்த எண் இரண்டு பக்கமும் தவறு.

முதலில் முதலீட்டுப் பக்கம். மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்திரத்தில் காட்டும் விலை, அந்த இடத்துக்கு அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மேல் இது கணக்கிடப்படும். 60 லட்சத்துக்கு 5,40,000 ரூபாய். வழக்கறிஞரும் பத்திர எழுத்தரும் சேர்ந்து ஒரு 30,000. தரகு 1 சதவீதம் என்றால் 60,000. ஆள் குடிவைக்கும் முன் பெயின்ட், குழாய், ஸ்விட்ச், பாத்ரூம் கசிவு, சமையலறை அலமாரி என்று ஒன்றரை லட்சமாவது ஆகும். கூட்டினால் 67,80,000. உங்கள் பணம் உழைக்க வேண்டியது இந்தத் தொகையின்மேல்.

அடுத்தது வரவுப் பக்கம். ஒருவர் காலி செய்து, வெள்ளையடித்து, அடுத்தவர் வரும்வரை வீடு பூட்டிக் கிடக்கும். வருடத்துக்கு ஒரு மாதம் காலி என்று வைத்துக்கொள்வது நியாயமான அளவு. ஆக வரவு 1,98,000. இதில் சொத்து வரியும் குடிநீர் வரியும் 8,000, காலியாக இருக்கும் மாதத்துக்கு அசோசியேஷன் பராமரிப்பு 2,500, பழுதுபார்க்க 12,000, கட்டடக் காப்பீடு 3,000 போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆள் மாறும், தரகு ஒரு மாத வாடகை என்றால் வருடத்துக்கு 9,000. மொத்தச் செலவு 34,500. மிஞ்சுவது 1,63,500. அதை 67.8 லட்சத்தால் வகுத்தால் 2.4 சதவீதம்.

3.6 என்று சொல்லப்பட்டது 2.4 ஆகியிருக்கிறது. இதில் எந்தச் செலவும் மிகைப்படுத்தப்பட்டதில்லை. நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கை ஒரு தாளில் எழுதிவிட்டுத்தான் சாவி வாங்கிப் பார்க்கப் போக வேண்டும்.

கடன் சேர்ந்தால்

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான வீட்டுக்கடனில் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கும் மேல் 75 சதவீதம். முத்திரைத் தீர்வையும் பதிவுச் செலவும் இந்த மதிப்பில் சேராது. நம் உதாரணத்தில் 48 லட்சம் வரை கடன் கிடைக்கும், மீதி 19,80,000 ரூபாயைக் கையிலிருந்து போட வேண்டும். "20 சதவீதம் இருந்தால் போதும்" என்று 12 லட்சத்தோடு கிளம்புபவர்கள் பதிவுக்கு முந்தைய வாரம் தனிநபர் கடன் தேடி ஓடுவது இதனால்தான்.

வட்டி 8.5 சதவீதம், 20 வருடத் தவணை என்றால் லட்சத்துக்கு மாதம் சுமார் 868 ரூபாய். 48 லட்சத்துக்கு 41,650 ரூபாயை ஒட்டி வரும். வருடத்துக்கு ஏறத்தாழ 5 லட்சம். வீடு தருவது 1,63,500. மீதம் மாதம் சுமார் 28,000 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து போகும். "வாடகையே தவணையைக் கட்டிவிடும்" என்ற பேச்சு இந்த விலையில், இந்த வட்டியில் உண்மையாகாது. கடனைப் பாதிக்குக் கீழ் குறைத்தால் ஓரளவு நெருங்கும்.

அப்படியானால் ஏன் வாங்குகிறார்கள்? நில மதிப்பு ஏறும் என்ற எதிர்பார்ப்பில். அது தவறான எதிர்பார்ப்பும் இல்லை. ஆனால் அது வாடகை வருமானம் ஆகாது. இரண்டையும் கலந்து பேசும்போது எதையும் நியாயப்படுத்திவிட முடியும். மாதம் 28,000 ரூபாயைப் பத்து வருடம் சிரமமில்லாமல் போட முடியும் என்பவர் வாங்கட்டும். நடுவில் வேலை போனால் ஆறு மாதத் தவணைக்குக் கையில் பணம் இல்லாதவர் வாங்கக் கூடாது.

வாடகையை நிர்ணயிப்பது எது

விலை இருமடங்கான வீட்டுக்கு வாடகை இருமடங்காக வருவதில்லை. நிலத்தின் விலை எதிர்காலத்தைப் பார்த்து ஏறும். வாடகையோ அந்த வட்டாரத்தில் வேலைபார்ப்பவரின் இன்றைய சம்பளத்தைத் தாண்டிப் போகாது. மாதம் 60,000 சம்பாதிக்கும் குடும்பம் வாடகைக்கு 15,000, 18,000 ஒதுக்கும். வீட்டின் விலை 60 லட்சமா 90 லட்சமா என்பது அவர்களுக்குப் பொருட்டே இல்லை. அதனால்தான் விலை உயர உயர வருமான விகிதம் இறங்குகிறது, சின்ன வீடுகள் பெரிய வீடுகளைவிட நன்றாகச் சம்பாதிக்கின்றன.

கோவை, திருப்பூர் பக்கம் இதை நெடுங்காலமாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அங்கே வாடகை வருமானம் என்றால் லைன் வீடுதான்: ஒரே வரிசையில் ஒரு அறை, ஒரு சமையலறை கொண்ட சிறு வீடுகள், மில்லிலும் பனியன் கம்பெனியிலும் வேலை செய்பவர்களுக்கு. உதாரணத்துக்கு, பதிவுச் செலவு உட்பட 15 லட்சத்துக்கு 1,200 சதுர அடி மனை. அதில் தரைத்தளமும் முதல் தளமுமாக மொத்தம் 1,500 சதுர அடி கட்டடம், சதுர அடி 2,300 ரூபாய் என்றால் 34,50,000. கிட்டத்தட்ட 50 லட்சத்தில் நான்கு வீடுகள். ஒவ்வொன்றும் 7,000 என்றால் மாதம் 28,000, செலவுக்கு முன் 6.7 சதவீதம். ஒரு வீடு காலியானாலும் மற்ற மூன்றின் வாடகை நிற்காது. ஃபிளாட்டில் ஒருவர் போனால் வரவு மொத்தமும் நின்றுவிடும்.

இதில் உழைப்பு அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆள் அடிக்கடி மாறுவார்கள், மோட்டார், செப்டிக் டேங்க், பொதுத் தண்ணீர்த் தொட்டி என்று வாரம் ஒருமுறை யாராவது கூப்பிடுவார்கள். அதே ஊரில் இல்லாதவருக்கு இது சரிப்படாது. திட்ட அனுமதியிலும் கவனம் வேண்டும். இரண்டு குடியிருப்புக்கு அனுமதி வாங்கிவிட்டு நான்கு கட்டினால் பின்னால் மின் இணைப்பு, வரி, விற்பனை எல்லாவற்றிலும் அது வந்து நிற்கும்.

மின் இணைப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையில் வரும் சண்டையில் பாதி இதிலிருந்துதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அது இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கிடும் பட்டியலே மாறி, கட்டணம் சட்டென்று ஏறும். மூன்று போர்ஷனை ஒரே மீட்டரில் ஓட்டி, உள்ளே சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால், ஆளுக்கு 200 யூனிட் செலவானாலே மொத்தம் 600 ஆகிவிடும். தனியாக இருந்தால் சொற்பம் கட்டியிருக்க வேண்டியவர் உயர்ந்த கட்டணம் கட்டுவார், விஷயம் தெரிந்ததும் காலி செய்வார். கட்டும்போதே ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வயரிங், தனி சர்வீஸ் வாங்கிவிடுங்கள். நான்கு இணைப்புக்கு ஆகும் கூடுதல் செலவு, குடியிருப்பவர் நிலைத்து இருப்பதிலேயே திரும்பி வந்துவிடும்.

உண்மையான வாடகையைத் தெரிந்துகொள்வது

விற்பவர் சொல்லும் வாடகையை எழுதிக்கொள்ள வேண்டாம். அதே தெருவில் வாடகைக்கு வீடு தேடுபவராக இரண்டு தரகர்களிடம் பேசுங்கள். வாங்குபவரிடம் 20,000 வரும் என்று சொல்பவரே வாடகைக்கு வருபவரிடம் "பதினாறுக்குப் பேசி முடிச்சுத் தர்றேன்" என்பார். இரண்டாவது எண்தான் உங்கள் கணக்குக்கு உரியது. அதே வளாகத்தில் எத்தனை டூ-லெட் போர்டு தொங்குகிறது, எத்தனை நாளாக என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். நூறு ஃபிளாட்டில் பதினைந்து காலி என்றால், ஒரு மாதக் காலி என்ற நம் கணிப்பு அங்கே செல்லாது, மூன்று மாதம் என்று மாற்றிப் போட வேண்டும்.

வீட்டைப் பார்க்கும்போது குடிவருபவரின் கண்ணால் பாருங்கள். இத்தாலியன் மார்பிளுக்கு யாரும் கூடுதலாக 2,000 தர மாட்டார்கள். தண்ணீருக்குத் தருவார்கள். நிலத்தடி நீர் உப்பா, கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, அதற்கு ஃபிளாட் ஒன்றுக்கு எவ்வளவு வசூல் என்பதைக் கடந்த மே, ஜூன் மாத அசோசியேஷன் கணக்கில் பார்க்கலாம். வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்வான பகுதிகளில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று எதிர்வீட்டில் கேளுங்கள். அங்கே தரைத்தள வீடு விலை குறைவாகக் கிடைக்கும், மழைக்காலத்தில் காலியாகவும் கிடக்கும். பஸ் நிறுத்தத்துக்கோ ரயில் நிலையத்துக்கோ நடந்து போக எத்தனை நிமிடம், பைக் நிறுத்த மூடிய இடம் உண்டா, சமையலறையில் காற்று வருகிறதா, துணி காயப்போட இடம் இருக்கிறதா: வாடகை ஆயிரம் கூடுவதும் குறைவதும் இவற்றால்தான்.

பத்திரம்

வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல், குறைந்தது 30 வருடத்துக்கு வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம், பிறகு கட்டணம் கட்டிச் சான்றொப்பமிட்ட நகல் வாங்கலாம். ஆனால் வில்லங்கச் சான்று காட்டுவது பதிவான ஆவணங்களை மட்டும்தான். பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு ஆகியவை அதில் தெரியாமல் போகலாம். "வில்லங்கம் க்ளீன்" என்ற ஒரு வரியை நம்பி முன்பணம் கொடுப்பது ஆபத்து.

தாய்ப்பத்திரத்திலிருந்து, அதாவது சொத்தின் பழைய மூலப்பத்திரத்திலிருந்து, இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று பாருங்கள். சங்கிலி அறுவது பெரும்பாலும் வாரிசுகளிடத்தில். தகப்பனார் இறந்தபின் மகன்கள் மட்டும் சேர்ந்து விற்றிருப்பார்கள், கல்யாணமாகிப் போன மகள்களின் கையெழுத்து இருக்காது. அந்த மகளோ அவர் பிள்ளைகளோ பின்னால் பங்கு கேட்டு வழக்குப் போட்டால், குடியிருப்பவர் வாடகையை யாரிடம் தருவது என்பதே கேள்வியாகிவிடும். வாரிசுச் சான்றில் உள்ள எல்லாப் பெயரும் பத்திரத்தில் இருக்க வேண்டும். பவர் பத்திரத்தின் மூலம், அதாவது உரிமையாளர் அதிகாரம் கொடுத்த வேறொருவர், விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் பதிவு நாளில் உயிருடன் இருக்கிறார் என்பதற்குச் சான்று கேளுங்கள்.

ஃபிளாட் என்றால் இன்னும் இரண்டு. ஒன்று, பிரிபடாத நிலப்பங்கு. 850 சதுர அடி ஃபிளாட்டுக்கு உங்கள் பெயருக்கு வரும் மனை எத்தனை சதுர அடி? முப்பது வருடம் கழித்துக் கட்டடத்தை இடித்துக் கட்டும்போது உங்களுக்கு மிஞ்சுவது அதுதான். எல்லா ஃபிளாட்டின் பங்கையும் கூட்டினால் மொத்த மனை அளவைத் தாண்டக் கூடாது. இரண்டு, அனுமதி பெற்ற வரைபடத்தில் உங்கள் தளம் இருக்கிறதா. அனுமதி மூன்று மாடிக்கு, நீங்கள் வாங்குவது நான்காவது மாடி என்றால் அது எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். வங்கிக் கடன் கிடைக்காது, அடுத்து வாங்குபவரும் கிடைக்க மாட்டார்.

புதிய ஃபிளாட் என்றால் முதல் விற்பனைக்கு முத்திரைத் தீர்வை குறைவு: 50 லட்சம் வரை 4 சதவீதம், 3 கோடி வரை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் தனி. ஆனால் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி உண்டு. சாவி வரும்வரை வாடகை கிடையாது, வட்டி மட்டும் ஓடும். வருமானம்தான் நோக்கம் என்றால் முதல் வீடாகக் கட்டி முடித்த வீட்டை வாங்குவதே நல்லது.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதத்தை வாங்குபவர் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். நம் 60 லட்ச வீட்டுக்கு 60,000. பிடிக்காமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால் அந்தத் தொகையும் வட்டியும் உங்கள் தலையில் விழும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் விகிதமும் நடைமுறையும் வேறு. ஆடிட்டரைக் கேட்காமல் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.

குடிவைப்பது

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017ஆம் ஆண்டு நில உரிமையாளர், குடியிருப்பவர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. பதினொரு மாத ஒப்பந்தம் என்றாலும் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் இணையம் வழியாகப் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். "பதினொரு மாசம்தானே, பதிவு எதுக்கு" என்பது பழைய பழக்கம். பதிவில்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு, வாடகை தராதவர்மேல் வாடகை நீதிமன்றத்துக்குப் போனால் முதல் நாளே தடுமாற்றம்தான்.

அட்வான்ஸ்: ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கிய காலம் மெல்ல மறைந்துவருகிறது. எத்தனை மாதம் வாங்கினாலும் அது கடன், வருமானம் ஆகாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும். வாங்கிய அன்றே தனி வைப்புத்தொகையாகப் போட்டுவிடுங்கள். செலவழித்துவிட்டு, அடுத்தவர் தரும் அட்வான்ஸை வாங்கித்தான் போகிறவருக்குக் கொடுப்பது என்று ஆகிவிட்டால், வீடு காலியாகக் கிடக்கும் மாதத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

போக்கியத்துக்கு, அதாவது மொத்தமாகப் பெருந்தொகை வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் குடிவைக்கும் முறைக்கு, முதல் வீட்டில் போக வேண்டாம். மொத்தப் பணம் கையில் வருவது ஆசையாக இருக்கும். மூன்று வருடம் கழித்து அதே தொகையை ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் பலரைச் சிக்கவைக்கிறது.

ஒப்பந்தத்தில் வாடகை, தேதி, வருடாந்தர உயர்வு (5 சதவீதமா 10 சதவீதமா), காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், பராமரிப்பு யார் பொறுப்பு, மின் இணைப்பு எண், காலி செய்யும்போது பெயின்டுக்கு எவ்வளவு பிடித்தம் ஆகிய எல்லாம் எழுத்தில் வேண்டும். ஃபேன் எத்தனை, கீஸர் எந்த நிலையில், சுவரில் என்ன கறை என்று பட்டியலும் புகைப்படமும் எடுத்து, குடிவருபவருக்கு அதே நாளில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து அட்வான்ஸ் கணக்குப் பார்க்கும்போது வாய்ச்சண்டை வராமல் காப்பது அந்தப் படங்கள்தான். ஆதார் நகல், வேலை செய்யும் இடத்தின் அடையாள அட்டை, முந்தைய வீட்டுக்காரரின் எண் மூன்றையும் கேளுங்கள். அந்த எண்ணுக்குக் கூப்பிட்டுப் பேசவும் செய்யுங்கள். குடியிருப்பவர் விவரப் படிவத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிடுவதும் நல்லது.

குடியிருப்பவர் வாடகை தரவில்லை என்றால் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. வீட்டுக்குள் போய்ப் பார்ப்பதற்குக்கூட 24 மணி நேரம் முன்னால் தெரிவிக்க வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கி என்றால் காலி செய்யச் சொல்லி முறைப்படி வழக்குத் தொடரலாம். கெடு முடிந்தபின்னும் போகாதவரிடம் இருமடங்கு வாடகை கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. "பன்னிரண்டு வருஷம் இருந்தா வீடு அவங்களுக்கே" என்று ஒரு பயம் ஊரெல்லாம் இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர் வாடகைதாரராகவே இருக்கும்வரை எத்தனை வருடமானாலும் உரிமையாளர் ஆக முடியாது. ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதும், வாடகையை வங்கிக் கணக்கு வழியாக வாங்குவதும் அதற்குப் போதுமான காப்பு.

வருமான வரி

வந்த வாடகையிலிருந்து நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழிக்கலாம். மிஞ்சியதில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று அப்படியே கழிக்கலாம், ரசீது தேவையில்லை. இந்த 30 சதவீதத்துக்கு மேல் தரகு, பெயின்ட், காப்பீடு எதையும் தனியாகக் கழிக்க முடியாது. அடுத்து கடன் வட்டி. நம் உதாரணத்தில் 1,98,000 கழித்தல் 8,000, மீதி 1,90,000. அதில் 30 சதவீதம் 57,000 போக 1,33,000. முதல் வருட வட்டி சுமார் 4,04,000. ஆக ஏட்டில் 2,71,000 நஷ்டம். பழைய வரி முறையில் இருப்பவர் இதில் 2 லட்சம் வரை சம்பள வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், மீதி 71,000ஐ எட்டு வருடம் வரை பிந்தைய வீட்டு வருமானத்தில் ஈடுகட்டலாம். புதிய வரி முறையில் வட்டி வாடகை வருமானத்தைப் பூஜ்யமாக்கும் வரைதான் உதவும், சம்பளத்தில் கழிக்க முடியாது. வீடு வாங்கினால் வரி மிச்சம் என்று சொல்லிக் கடன் விற்பவர், நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று கேட்கிறாரா என்று பாருங்கள்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே வீட்டை வாடகைக்கு விடும் தமிழர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: வாடகை எவ்வளவு சிறியதானாலும் குடியிருப்பவர் அதில் வரி பிடித்துக் கட்ட வேண்டும். இது இருவருக்குமே தெரியாமல் வருடக்கணக்கில் போய்விடுகிறது.

விற்கும்போது, இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டின் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. வாங்கிய விலையோடு பதிவுச் செலவையும், பின்னால் கட்டிய கூடுதல் அறை போன்ற மேம்பாட்டுச் செலவையும் சேர்த்துத்தான் லாபம் கணக்கிடப்படும். வெள்ளையடித்ததும் குழாய் மாற்றியதும் இதில் சேராது. ஆகவே பத்திரத்தோடு முத்திரைத் தீர்வை ரசீது, கட்டுமான பில், அதற்குப் பணம் அனுப்பிய வங்கிக் கணக்குப் பக்கம், ஒவ்வொரு அரையாண்டுச் சொத்து வரி ரசீது ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, ஸ்கேன் எடுத்து ஒரு பிரதியை வீட்டில் இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள்.